மூங்கில் சுறாவைக் குட்டி என்று நினைப்பதும் இன்னும் சில தவறுகளும்

காசிமேட்டில் விடிகாலை ஏலம் முடிந்து வஞ்சிரமும் வவ்வாலும் கைமாறிப் போன பிறகு, ஓரமாகக் கொட்டிக் கிடக்கும் கலப்பு மீன் குவியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காரப்பொடி மீன், உடைந்த நண்டுக் கால், சேறு இவற்றுக்கு நடுவே சில நாள் முழங்கை நீளத்தில் ஒல்லியான பழுப்புச் சுறா ஒன்று கிடக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் "ஐயோ பாவம், சுறாக் குட்டி" என்பார்கள்.

அந்த மூங்கில் சுறா குட்டியாக இல்லாமல், பல தடவை முட்டையிட்ட தாயாகவே இருக்கலாம். மூங்கில் சுறாக்கள் ஹெமிசில்லிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியக் கரையோரம் கிடைக்கும் சாம்பல் மூங்கில் சுறா முக்கால் மீட்டருக்குப் பக்கத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மெல்லிய மூங்கில் சுறா அதைவிடச் சின்னது, சுமார் 65 செ.மீ.தான். குடும்பத்திலேயே பெரிய வகைகளில் ஒன்றான பழுப்புப் பட்டை மூங்கில் சுறா ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். நீளத்தை வைத்து வயது சொல்வது இந்தக் குடும்பத்தில் எடுபடாது.

ஆண் சுறாவாக இருந்தால் வயதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். மல்லாக்கப் போட்டு, வயிற்றுப் பக்கத்து இரண்டாவது ஜோடித் துடுப்பின் உள்விளிம்பைப் பாருங்கள். குழல் வடிவில் இரண்டு உறுப்புகள் இருக்கும். விலங்கியல் மாணவர்கள் கிளாஸ்பர் என்று படிப்பது இதைத்தான். சின்னதாகவும் தொட்டால் தொளதொளவென்று வளைவதாகவும் இருந்தால் இன்னும் பருவம் வரவில்லை. சுண்ணாம்புச் சத்து ஏறி, நீண்டு, விறைத்திருந்தால் முழு ஆண். சாம்பல் மூங்கில் சுறா 45-லிருந்து 55 செ.மீ.க்குள்ளேயே இந்த நிலைக்கு வந்துவிடும். அதே குவியலில் அதே நீளத்தில், சுத்தியல் மாதிரித் தலையுள்ள ஒரு கொம்பன் சுறா கிடந்தால் அது நிஜமாகவே குட்டி. மூன்று மீட்டர் போகவேண்டிய உயிர். பரிதாபப்படுவதென்றால் அதற்குப் படுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மூங்கில் சுறாவின் நிஜக் குட்டிகளுக்குப் பெரும்பாலும் உடம்பெல்லாம் கருப்புப் பட்டை இருக்கும். சாம்பல் வகையில் வளர வளர அந்தப் பட்டை மங்கி, கடைசியில் வெறும் பழுப்புதான் மிஞ்சும். பட்டையுள்ளதை ஓர் இனம், பட்டையில்லாததை வேறோர் இனம் என்று எழுதி வைத்த மாணவர் குறிப்பேடுகள் எத்தனையோ. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். மெல்லிய வகையின் உடம்பில் நெடுக வரம்புகள் ஓடும், சாம்பல் வகைக்கு அது கிடையாது. பழுப்புப் பட்டை வகைக்கு முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு உள்ளே குழிந்து, நுனி கூர்மையாக நீண்டிருக்கும். இந்த அடையாளங்கள் நிறம் மாறினாலும் மாறாது.

அடுத்தது, பூனைச் சுறா என்று சொல்லிவிடுவது. பேச்சு வழக்கில் தப்பில்லை, ஆனால் உயிரியலில் பூனைச் சுறாக்கள் வேறு வரிசையை, அதாவது குடும்பத்துக்கும் மேலான வேறு பெரும்பிரிவைச் சேர்ந்தவை. இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். மூங்கில் சுறாவின் வாய் முழுக்கக் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பூனைச் சுறாவின் வாய் கண்ணுக்குக் கீழ்வரை போகும். பின்பக்கம் பார்த்தால், மூங்கில் சுறாவின் குதத் துடுப்பு பின்னால் தள்ளி, நீளமாகத் தாழ்ந்து, வாலோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே ஒரு வெட்டு மட்டும்தான். மூக்குத் துளைக்குப் பக்கத்தில் குட்டை மீசையும் உண்டு. செல்போனில் படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்று எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தலையின் அடிப்பக்கமும் வாலும் படத்தில் இல்லையென்றால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பால் சுறா என்று வாங்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தோலுரித்து, தலை வெட்டி, துண்டு போட்டுத் தந்தால் எந்தச் சின்னச் சுறாவும் பால் சுறாதான். உண்மையான பால் சுறா கூர்மூக்கோடு வேகமாக நீந்தும் இனம், குட்டி போடுவது. சுறாப்புட்டுக்கு அதுதான் வேண்டும் என்றால் முழுசாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியை "சுறா என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறாக்கள் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைக்கின்றன. செத்தபின் பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றும். நெடி தூக்கினால் மீன் பழசு.

சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்பது பலருக்கு வேதவாக்கு. சில பெரிய திறந்தகடல் சுறாக்களுக்கு அது பொருந்தும். மூங்கில் சுறா பகலெல்லாம் பாறை இடுக்கில் சும்மா படுத்துக் கிடக்கும் பிராணி. கன்னத் தசையாலேயே தண்ணீரை உள்ளிழுத்துச் செவுளுக்கு அனுப்பும். கண்ணுக்குக் கீழே இருக்கும் ஸ்பிராக்கிள் துளையும் அதற்கு உதவும். தண்ணீருக்கு வெளியேயும் சட்டென்று சாகாது. வலையைப் பிரிக்கும்போது அசையாமல் கிடந்தாலும், செவுள் வெட்டு லேசாகத் திறந்து மூடினால் உயிர் இருக்கிறது. அதற்கு விலையும் பெரிதாகக் கிடைப்பதில்லை, படகிலிருந்தே கடலில் விட்டுவிடலாம்.

இனி முட்டை. எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், தவறுகளும் இங்கேதான் அதிகம். சுறா எல்லாம் குட்டி போடும் என்று ஒரு கட்சி, எல்லாம் முட்டையிடும் என்று இன்னொரு கட்சி. ஹெமிசில்லிடே குடும்பம் முழுக்க முட்டையிடுவது; பால் சுறாவும் கொம்பனும் குட்டி போடுபவை. மூங்கில் சுறாவின் முட்டைக்கு ஓடு கிடையாது. பழைய தோல் பர்ஸ் மாதிரி பழுப்பு நிறக் கூடு, ஓரத்தில் நார். இரண்டிரண்டாக இட்டு விட்டுவிடும், காவல் இருக்காது. குட்டி வெளியே வர மூன்று நான்கு மாதம்கூட ஆகும், தண்ணீர்ச் சூட்டைப் பொறுத்தது.

பாதி வளர்ச்சியில் கூட்டில் சின்னக் கீறல்கள் திறந்து கடல்நீர் உள்ளே வரும். உள்ளே இருக்கும் கரு வாலை ஆட்டி அந்த நீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்த அசைவும் வாசனையும் வேட்டையாடும் மீனுக்குத் துப்பு. பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவின் கருக்களை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், எதிரியின் உடலிலிருந்து வருவதைப் போன்ற மின்புலத்தைக் காட்டியதும் கரு வாலைச் சுருட்டிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டது. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் இந்தச் சாமர்த்தியம். ஆகவே திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் புயலுக்குப் பின் இப்படிக் கூடு கிடைத்தால் கிழித்துப் பார்க்காதீர்கள். ஒரு முனை பிளந்து லேசாக இருந்தால் காலிக்கூடு, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கனமாக, மூடியிருந்தால் அலைக்கு அப்பால் கடலிலேயே போடுங்கள். குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டால் செத்துவிடும்.

ஆணே இல்லாத தொட்டியில் பெண் சுறா இட்ட முட்டை வீண் என்று தூக்கிப்போடுவதும் தவறு. கலிபோர்னியாவின் ஸ்டைன்ஹார்ட் அக்வேரியத்தில் ஒரு பழுப்புப் பட்டை மூங்கில் சுறா, கடைசியாக ஆணோடு இருந்து 45 மாதம் கழித்து இட்ட முட்டை பொரித்தது. விந்தை அத்தனை நாள் உடம்பில் சேமித்து வைத்திருந்தது. டெட்ராய்ட்டின் பெல் ஐல் அக்வேரியத்தில் வெண்புள்ளி மூங்கில் சுறா ஒன்று செய்தது வேறு வேலை: ஆணின் பங்கே இல்லாமல் குட்டி பொரித்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முதலாவதற்குத் தகப்பன் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. எது என்பதை மரபணுச் சோதனைதான் சொல்லும்.

வாட்ஸ்அப்பில் துடுப்பை ஊன்றி நடக்கும் சுறா வீடியோ வந்தால் "நம்ம எண்ணூரில் எடுத்தது" என்று அனுப்பாதீர்கள். நடக்கும் சுறாக்கள் இதே குடும்பத்தின் ஹெமிசில்லியம் என்ற இன்னொரு பேரினம். ஒன்பது இனங்கள், வாழ்வது வட ஆஸ்திரேலியா, நியூ கினி, கிழக்கு இந்தோனேசியப் பக்கம். ஹல்மஹேரா இனத்துக்கு அறிவியல் பெயர் வந்ததே 2013-இல்தான். இவற்றில் ஒன்றான எபாலெட் சுறா இரவு நேரத்து வற்றத்தில் பவளப்பாறைக் குட்டைகளில் சிக்கிக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாமலே ஒரு மணி நேரம்வரை தாக்குப்பிடிக்கும். சுறா என்றாலே டைனோசருக்கு முந்தைய பழசு என்பார்கள். இந்த நடக்கும் வகைகள் தனியாகப் பிரிந்து சுமார் 90 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன; சுறா உலகில் அது நேற்று. இன்னொரு வேடிக்கை: கடலின் மிகப்பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் இவற்றின் அதே வரிசைதான்.

சின்னது, ஆகவே வேகமாகப் பெருகிவிடும் என்ற கணக்கும் சரியல்ல. மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், இவை இரண்டிரண்டாக. அடிமட்டத்தை வாரிவரும் விசைப்படகு வலைதான் இவற்றுக்குப் பெரிய தொல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது.

கடைசியாக, கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போய் வரும் நண்பர்களுக்கு. விரல் நீளக் குட்டி அழகாக இருக்கிறது என்று இரண்டடித் தொட்டிக்கு மூங்கில் சுறா தேடாதீர்கள். அது முக்கால் மீட்டர் வளரும், கடல்நீர்தான் வேண்டும், பகலில் மறைவிலேயே கிடக்கும், இரவில் கூட இருக்கும் இறாலையும் நண்டையும் காலி செய்யும். மூக்கைச் சுற்றியிருக்கும் புள்ளிப் புள்ளித் துளைகள் மின்புலம் அறியும் உறுப்புகள். அதை வெள்ளைப் புள்ளி நோய் என்று நினைத்துத் தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினால், மற்ற மீன்கள் தப்பினாலும் சுறா தப்பாது.