கிட்னி பயாப்ஸிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்டு நர்ஸ் சொல்வது

"சிஸ்டர், பயாப்ஸின்னா கேன்சரா?" எங்கள் சிறுநீரக வார்டில் அட்மிட் ஆகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை. சிறுநீரில் புரதமோ ரத்தமோ போகும்போது, காரணம் தெரியாமல் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும்போது, ரத்தத்தை வடிகட்டும் குளோமருலஸ் என்ற நுண்ணிய முடிச்சுகளில் என்ன கோளாறு என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக, சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு சின்னத் துணுக்கு எடுப்பதுதான் இது. கால் வீக்கமும் நுரைக்கிற சிறுநீரும் பல நோய்களில் ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம்தான் வேறு வேறு.

நீங்கள் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டையும் வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பிரஷர் 140/90க்கு மேல் இருந்தால் ரத்தக்கசிவு பயம் அதிகம் என்பதால் ஊசியைத் தள்ளிப்போடுவார்கள்.

அதே பையில் லேகியம், நாட்டு மருந்து, முகம் வெளுக்கப் பூசும் கிரீம் எல்லாமே இருக்கட்டும். டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். குளோமருலஸின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோய் மெம்பரனஸ் நெஃப்ரோபதி. அதில் நெல்-1 (NELL-1) என்ற புரதத்தின் பெயரில் ஒரு வகை உண்டு. அந்த வகை வந்தவர்களில் பலர் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். கேரளத்தின் மலப்புரத்தில் முகக் கிரீம் பூசியவர்களுக்கும் இதே நோய் வந்தது. அவற்றை நிறுத்திய பிறகு பலருக்குச் சிறுநீரில் புரதம் போவது குறைந்திருக்கிறது.

பயாப்ஸி அன்று குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் வரும், பதறாதீர்கள். மூச்சு விட்டால் சிறுநீரகம் மேலும் கீழும் நகரும். அதனால் டாக்டர் சொல்லும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க முந்தின நாளே பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆறு மணி நேரமாவது மல்லாந்து படுக்க வேண்டும். ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் தனித்தனி பாட்டிலில் வரிசையாக வைக்கச் சொல்வேன். முதல் பாட்டில் லேசாகச் சிவந்திருந்தாலும் அடுத்தடுத்தது வெளுத்தால் சரி. சிவப்பு ஏறினாலோ, ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, விலாவில் வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் ரத்தம் கசியலாம். இரண்டு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் முதலில் எத்தனை குளோமருலஸ் கிடைத்தது என்று பாருங்கள். பத்தாவது இருந்தால் நல்லது. எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற நோய் சில குளோமருலஸ்களில் மட்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தழும்பு போடும், துணுக்கு சிறியதென்றால் தப்பிவிடும். அடுத்தது இம்யூனோஃப்ளூரசன்ஸ், அதாவது துணுக்கில் படிந்திருக்கும் எதிர்ப்புப் புரதங்களை ஒளிர வைத்துப் பார்க்கும் சோதனை. அதில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தின் படிவு முன்னால் நின்றால் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி. எல்லா வகைப் படிவும் சேர்ந்து ஒளிர்ந்தால் லூபஸைத்தான் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) முதலில் நினைப்பார்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் எல்லாம் நன்றாகத் தெரிந்து, சிறுநீரில் புரதம் மட்டும் கொட்டினால் மினிமல் சேஞ்ச் என்ற நோயாக இருக்கலாம்.

'கிரசென்ட்' (குளோமருலஸை நெரிக்கும் பிறை வடிவச் செல் குவியல்) என்ற சொல் இருந்தால் மட்டும் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். பல முடிச்சுகளில் கிரசென்ட் இருந்தால் சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடலாம். ரிப்போர்ட்டோடு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.