மலைப்பள்ளி வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் முறை

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களில் கற்பிக்கும் ஆசிரியர், எந்தக் கருவியை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், பாடத்தில் கரும்பலகையைக் கொண்டு விளக்க முடியாத பகுதி எது என்பதைக் கண்டறிய வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் தொழில்நுட்பம் போதும். பாடவேளை முழுவதும் பிள்ளைகளைத் திரையைப் பார்க்க வைப்பது கற்பித்தல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

மலையில் வகுப்பு நேரத்தில் இணைய இணைப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பாடநூலிலுள்ள க்யூஆர் குறியீட்டை, மத்திய அரசின் கல்வித் தளமான தீக்‌ஷா செயலியில் முந்தைய நாளே ஸ்கேன் செய்து, காணொளியைப் பதிவிறக்கி, முழுவதும் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்பது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கொதிநிலைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் வளிமண்டல அழுத்தம் குறைவாக இருப்பதால், நீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. கீழே சேலம் நகரில் அது 99 டிகிரியை ஒட்டியிருக்கும். நீங்கள் நீரைக் கொதிக்க வைக்க, மாணவர்கள் வெப்பமானியின் அளவுகளைக் கைபேசி விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) பதிந்து, அதே சோதனையைச் செய்த சேலம் பள்ளியொன்றின் அளவுகளோடு சேர்த்து வரைபடமாக்கினால், பாடநூல் ஏன் 100 டிகிரி என்கிறது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். அதன் பிறகே காணொளியை ஓட்டுங்கள். முன்பே காட்டிவிட்டால் அந்தக் கேள்வி பிறப்பதற்கே வழியில்லை.

கைபேசி ஒன்றுதான் என்றால், பதிவிடும் பொறுப்பைக் குழுக்களுக்குச் சுழற்சி முறையில் கொடுங்கள்.