பேச வராதவர்களுக்கு: கொழும்பு ஐ.டி. துறையில் ஆட்களைத் தெரிந்துகொள்வது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து, மென்பொருள் வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஒரு நாள் மாலை, துறை ஆட்கள் கூடிப் பேசும் மீட்டப் ஒன்றுக்குப் போனேன். பற்றீஸ் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். ஒருவரோடும் ஒரு சொல் பேசவில்லை. சுற்றி நின்றவர்கள் பாதி சிங்களம், பாதி ஆங்கிலமாக வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாக்கியம் மனதில் கூடிவருவதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். அன்றிரவு மரைன் டிரைவ் வழியாக நடந்து அறைக்குத் திரும்பியபோது, இது எனக்கு ஒத்துவராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த முடிவு பிழை. கூட்டத்தில் கலகலப்பாக நிற்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு நேரத்தில் ஓர் ஆள், கையில் ஒரு கேள்வி, பிறகு எழுத்தில் தொடர்வது என்று மாற்றிக்கொண்டேன். பிறகு எல்லாம் இலகுவாகிவிட்டது. நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பத்துப் பெயர் எழுதுங்கள்

புது ஆட்களைத் தேடப் போகுமுன், ஏற்கெனவே தெரிந்தவர்களை எண்ணிப் பாருங்கள். உயர்தர வகுப்பில் கூடப் படித்தவர், கம்பஸில் ஒரே பட்ச், பயிற்சிக் காலத்தில் பக்கத்து மேசையில் இருந்தவர். தினமும் பேசுகிறவர்கள் வேண்டாம். ஒன்றிரண்டு வருடமாகத் தொடர்பு விட்டுப்போனவர்களை எழுதுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இலேயே இதை எழுதினார்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து அறிமுகம்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும். வேலைத் தொடர்புகளுக்கான சமூகவலைத்தளமான லிங்க்டினில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. வேலை மாறுவதற்கு அதிகம் உதவுவது ஓரளவு தூரத்து அறிமுகங்களே என்று அதிலும் தெரியவந்தது.

பத்தில் ஒருவருக்கு இன்றிரவே வட்ஸ்அப் போடுங்கள். நான் எழுதியது இப்படி: “மச்சான், எப்படி இருக்கிறாய்? நீ டெவொப்ஸ் பக்கம் போயிட்டாய் எண்டு கேள்விப்பட்டன். நானும் குபர்நெட்டிஸ் படிக்கத் தொடங்கியிருக்கிறன். நீ முதல்ல எதில தொடங்கினாய்?” (டெவொப்ஸ் என்றால் மென்பொருளை வெளியிட்டு, தடையில்லாமல் ஓடவைக்கும் வேலை. குபர்நெட்டிஸ் அதற்கான ஒரு கருவி.) வேலை கேட்கவில்லை, உதவியும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன். அரை மணி நேரத்தில் மூன்று வொய்ஸ் மெசேஜ் வந்தது.

படி 2: லிங்க்டின்

இதில் நாட்கணக்காக மினக்கெடாதீர்கள். முகம் தெளிவாகத் தெரியும் படம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று இரண்டு வரி, செய்த ஒரு புரொஜெக்டின் இணைப்பு. போதும்.

படி 3: சின்னக் கூட்டத்துக்கு, நேரத்தோடு போங்கள்

மருதானை ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி, தெமட்டகொட ஓரியன் சிட்டி போன்ற இடங்களில் ஐ.டி. கொம்பனிகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே துறை ஆட்களைச் சந்திக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மருதானை சுகம். கரையோர ரயிலில் ஏறினால் கோட்டை தாண்டி அடுத்த ஸ்டேஷன். பெரிய மாநாட்டைவிட, ஒரே தொழில்நுட்பத்தைப் பற்றி முப்பது நாற்பது பேர் கூடும் கூட்டம் நமக்கு நல்லது.

தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் பயம் போய்விடும். மண்டபம் நிறைந்த பிறகு உள்ளே போனால், ஏற்கெனவே வட்டம் கட்டி நிற்பவர்களுக்குள் நுழைய வேண்டும். முன்பே போனால் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களும் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். “நானும் பிடிக்கட்டா?” என்று கேட்டால் போதும், பேச்சு தானாக வரும்.

ஒருமுறை அப்படி முன்பே போயிருந்தேன். பேச வந்தவரின் லப்டொப்பில் டைப்-சி மட்டும்தான், புரொஜெக்டர் கேபிளோ எச்டிஎம்ஐ. என் பையில் அடப்டர் கிடந்தது. கொடுத்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் அதைத் திருப்பித் தர அவரே என்னைத் தேடி வந்தார். நான் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இன்றைக்கும் அந்த அடப்டர் இல்லாமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

படி 4: ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்

யார் பேசப் போகிறார், எதைப் பற்றி என்று முதல் நாள் இரவே பாருங்கள். ஒரு கேள்வியை போனில் எழுதி வையுங்கள். “உங்கள் கொம்பனியில் வேலை இருக்கிறதா?” என்ற கேள்வி இல்லையென்ற பதிலோடு முடிந்துவிடும். “பெரிய சிஸ்டத்தைப் பிரிக்கும்போது எந்தப் பகுதியை முதலில் வெளியே எடுத்தீர்கள், ஏன் அதை?” என்று கேட்டுப் பாருங்கள். செய்தவருக்கு அதைச் சொல்ல ஆசையாக இருக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றால் போதும். நன்றாகக் கேட்பது நம்மைப் போன்றவர்களுக்கு இயல்பாகவே வரும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களம் சரளமாக வராவிட்டால் தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கேளுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை. வயதில் மூத்தவரை “அய்யா” என்று கூப்பிட்டுத் தொடங்குங்கள். நம் காதுக்கு அது பெரியவரைக் கூப்பிடுவது போலக் கேட்கும். சிங்களத்தில் அது வெறும் அண்ணாதான். அந்த ஒரு சொல்லில் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

எங்கே நிற்பது? தனியாக நிற்பவரிடம் போங்கள். அவரும் யாராவது வரமாட்டார்களா என்றுதான் நிற்கிறார். இல்லையென்றால் இரண்டு மூன்று பேர் நிற்கும் இடம். பேச்சில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் அது இரண்டாகப் பிரியத் தொடங்கும் என்று ராபின் டன்பார் என்ற பிரித்தானிய உளவியலாளர் கண்டிருக்கிறார். ஆறு பேர் நிற்கும் வட்டத்தில் வாய்திறக்க முடியாமல் போவது உங்கள் குறை என்று நினைக்காதீர்கள்.

இரண்டு பேரோடு ஒழுங்காகப் பேசியாயிற்றா? சரி, வீட்டுக்குப் போகலாம்.

படி 5: அடுத்த நாளே எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். எழுத்து நமக்குக் கைவந்தது, ஆகவே இங்கேதான் நாம் முந்தலாம். “வணக்கம் அக்கா. நேற்று கியூ பற்றிக் கேட்டது நான்தான். நீங்கள் சொன்ன மாதிரி ரீட்ரை எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தேன், எரர் நின்றுவிட்டது. மிக்க நன்றி.” சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று திருப்பிச் சொல்கிறீர்கள். அறிவுரை சொன்னவருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

படி 6: கூட்டமே வேண்டாமென்றால்

யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் சேருங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கூடி வேலை செய்தால் ஒருவரின் திறமை மற்றவருக்குத் தெரிந்துவிடும், தன்னைப் பற்றிப் பேசத் தேவையில்லை. இப்படியான திட்டங்கள் பல இருக்கும் கிட்ஹப் தளத்தில், புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளைக் காட்டும் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற குறியீட்டைத் தேடுங்கள். முதலில் ஆவணத்தில் ஒரு பிழை திருத்தம், அப்புறம் நிரலில் ஒரு சின்ன பக் (பிழை). தமிழ் மொழிபெயர்ப்புக்கும் ஆள் தேவைப்படும் திட்டங்கள் உண்டு.

பதில் வராவிட்டால்?

இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை எழுதுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள், கோபம் வேண்டாம். ஓர் அக்காவுக்கு எழுதி, பதிலே வராது என்று நான் நினைத்திருந்தபோது பத்தொன்பதாம் நாள் வந்தது: “ரிலீஸ் வேலை தம்பி, குறை நினைக்காதீங்க. சனிக்கிழமை வெள்ளவத்தையில நிற்பீங்களா?” அப்படிச் சந்திக்கும்போது அரை மணி நேரம் என்று முதலே சொல்லிவிடுங்கள். பிளேன்டீக்கான காசை நீங்கள் கொடுங்கள்.