கல்லூரியில் குறையா? வாயால் சொன்னது போதும், எழுதிக் கொடுங்கள்

டிசி தராமல் இழுத்தடிக்கிறார்கள், இன்டர்னல் மார்க் எப்படிப் போட்டார்கள் என்று சொல்ல மறுக்கிறார்கள், ரசீது இல்லாமல் பணம் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட குறைகளில் பல எச்ஓடி (துறைத் தலைவர்) அறை வாசலோடு நின்றுவிடுகின்றன. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2023இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு. ஆனால் புகார் எழுத்தில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கெடு ஓடும்.

படி 1: யாரிடம் போவது?

ராகிங் என்றால் காத்திருக்காமல் 1800-180-5522க்கு அழையுங்கள். பாலியல் தொல்லைக்கு உள்ளகப் புகார்க் குழு தனியாக இருக்கிறது. செமஸ்டர் மார்க் குறைந்துவிட்டதா? முதலில் விடைத்தாள் நகல், அப்புறம் மறுமதிப்பீடு. ரிசல்ட்டோடு அறிவிக்கும் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால், திருத்திய தன் விடைத்தாளை ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருக்கிறது. கட்டணத்தைத் திருப்பித் தராதது, சான்றிதழ், ஸ்காலர்ஷிப் தாமதம், பாகுபாடு, நியாயமில்லாத மதிப்பீடு போன்றவை மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்குப் போகும்.

படி 2: மனு எழுதுவது

கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். தேதி, தொகை, கேட்பது என்ன, இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, ஜூன் 10 அன்று படிப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தேன். ஜூலை 20 வரை என் அசல் சான்றிதழ்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அவற்றை உடனே வழங்குமாறும், கட்டிய கட்டணத்தில் எனக்குச் சேர வேண்டிய ரூ. ____ஐத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: விலகல் கடித நகல், கட்டண ரசீது."

"நிர்வாகமே மோசம்" என்ற வரி எந்தப் புகாரையும் வலுப்படுத்தாது. நாலு பேருக்கு அதே பிரச்சினை என்றால் நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இங்கே நியாயமானதுதான்.

படி 3: ஒப்புகை வாங்குவது

மொத்த வேலையில் இதுதான் முக்கியம். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். "வச்சுட்டுப் போப்பா, பாத்துக்கறோம்" என்றால் வாக்குவாதம் வேண்டாம். அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியின் இணையதளத்தில் புகார்ப் பக்கம் இருந்தால் அதிலும் பதிந்து, திரையைப் படம் எடுத்து வையுங்கள். இணையவழிப் புகாரைக் கல்லூரி 15 நாட்களுக்குள் தன் கருத்தோடு குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

படி 4: விசாரணை

குழுவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். உறுப்பினர்கள் நாலு பேர், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். குறைந்தது ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் எஸ்சி, எஸ்டி அல்லது ஓபிசி பிரிவினராகவும் இருக்க வேண்டும். நீங்களே போகலாம், உங்கள் சார்பில் ஒருவரையும் அனுப்பலாம். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தருவது முறை. அதன் நகல் உங்களுக்கும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

படி 5: மேல்முறையீடு

முடிவு சரியில்லையா? கையில் கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் மேல்முறையீடுகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் இவரேதான். 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும் என்பது விதி. குழுவைத் தாண்டி நேராக இவரிடம் போக முடியாது. மறுமதிப்பீடு மட்டும் கேட்டுப் போனாலும் எடுக்கமாட்டார். முடிவைப் பாதித்த முறைகேட்டையோ பாகுபாட்டையோ குறிப்பாகக் காட்ட வேண்டும். பொய்ப் புகார் என்று தெரிந்தால் உங்கள் மீதே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம்.

அவர் உத்தரவிட்டும் கல்லூரி அசையவில்லை என்றால், அதையும் எழுத்திலேயே அவருக்குத் தெரிவியுங்கள். விதியை மதிக்காத நிறுவனத்தின் நிதியுதவியை நிறுத்தும் அதிகாரம் யுஜிசிக்கு உண்டு.