38எஸ் என்றால் சின்ன சைஸ் இல்லை: ஏலத்தில் கோட் சூட் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

லண்டன் வந்த புதிதில் என் ரூம்மேட் ஒருவன் ஈபே என்ற இணையத் தளத்தில் 23 பவுண்டுக்குக் கறுப்பு சூட் ஒன்றை ஏலத்தில் எடுத்தான். மறுவாரம் இன்டர்வியூ. பார்சலைப் பிரித்தால், கோட்டின் கழுத்து மடிப்பெல்லாம் பளபளவென்று சாட்டின். பேண்டின் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அதே சாட்டினில் ஒரு பட்டை. இரவு விருந்துக்குப் போடுகிற டின்னர் சூட் அது. விற்றவர் ஏமாற்றவில்லை, தலைப்பிலேயே எழுதியிருந்தார். இவன்தான் 'டின்னர்' என்பதை ஏதோ பிராண்ட் பெயர் என்று நினைத்துவிட்டான்.

அந்த சூட்டை இன்டர்வியூவுக்குப் போட முடியவில்லை. ஆனால் கடையில் பல நூறு பவுண்டு விலை போட்ட கம்பளி சூட்டை ஐம்பது, அறுபதுக்குள் எடுக்க முடியும் என்பது உண்மைதான். ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு நாள் போட்டது, தொப்பை விழுந்ததால் ஏறாமல் போனது, வேலை மாறியதால் அலமாரியில் தூங்கியது என்று தினமும் வந்துகொண்டே இருக்கும். ஏலத்தில் விலையை ஏற்றுவது பிராண்ட் பெயர். நம் மேல் உட்கார வேண்டியதோ அளவு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் லாபமும் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது.

எண்ணைத் தப்பாகப் படிப்பது

38எஸ் என்பதில் 38 மார்புச் சுற்றளவு, இஞ்சில். எஸ் என்றால் ஸ்மால் இல்லை, ஷார்ட். அதாவது, ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு. ஆர் என்பது ரெகுலர், எல் என்பது லாங். நம் ஆட்களில் பலருக்குச் சரியாக உட்காருவது இந்த எஸ்தான். அதைச் சின்ன சைஸ் என்று ஒதுக்கிவிட்டு 38ஆர் வாங்கினால், அண்ணன் கோட்டைத் தம்பி போட்ட மாதிரி கை விரலை மூடும். இன்னொன்று, என் அனுபவத்தில் எஸ் சைஸுக்குப் போட்டி குறைவு. குள்ளமாகப் பிறந்ததற்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இத்தாலிய சூட் என்றால் லேபிளில் இருக்கும் எண்ணில் பத்தைக் கழிக்க வேண்டும். அங்கே 48 என்றால் இங்கே 38. ஜெர்மானிய சைஸ் இன்னும் குழப்பம். குட்டையானவர்களுக்கு எண்ணைப் பாதியாக்கிவிடுவார்கள்: 48-இன் குட்டை வடிவம் 24. அதுதான் நம் 38எஸ். உயரமான ஒல்லி ஆளுக்கு 98 என்று இருக்கும். அது யானைக்குத் தைத்ததல்ல, இங்கத்திய 40எல். ஹூகோ பாஸ் மாதிரி ஜெர்மன் பிராண்டுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். விற்பவருக்கும் இது புரியாமல் வெறுமனே '24' என்று போட்டுவிடுவார். 38 என்று தேடுகிறவன் கண்ணில் அது படவே படாது. எனக்குக் கிடைத்த நல்ல சூட் இரண்டும் அப்படி வந்ததுதான்.

லேபிளை நம்பி டேப்பை மறப்பது

எண் சரியாக இருந்தாலும் போதாது. முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே டெய்லரிடம் கொடுத்து மாற்றியிருக்கலாம். ஒரே 38 இரண்டு பிராண்டில் இரண்டு விதமாக இருக்கும். எனவே விற்பவரிடம் கோட்டுக்கு நான்கு அளவு கேளுங்கள். பட்டன் போட்டுத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை எவ்வளவு. முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை எவ்வளவு. தோள் தையலிலிருந்து கை முனை வரை எவ்வளவு. காலருக்குக் கீழிருந்து கோட்டின் அடிவரை எவ்வளவு. பேண்டுக்கு இடுப்பும் உள்கால் நீளமும்.

இதை உடம்போடு ஒப்பிடக் கூடாது. 38 இஞ்ச் மார்புக்குத் தைத்த கோட் விரித்தால் அக்குளுக்கு அக்குள் இருபதரை, இருபத்தொன்று வரும். இரட்டித்தால் 41, 42. அந்த மூன்று நான்கு இஞ்ச் மூச்சு விடுவதற்கு. உங்களுக்கு நன்றாக உட்காரும் ஒரு கோட்டை அளந்து அதோடு ஒப்பிடுங்கள். கோட்டே இல்லையென்றால் ஏதாவது துணிக்கடை டிரையல் ரூமுக்கு ஒரு டேப்போடு போய் வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் போயிருக்கிறேன்.

ஊரில் டெய்லர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும்: பிடிக்கலாம், பிரிக்கலாம், தோளைத் தொடக்கூடாது. கோட்டின் இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கலாம். பேண்ட் இடுப்பில் உள்ளே துணி விட்டிருந்தால் ஓர் இஞ்ச் போலப் பிரிக்கலாம். ரொம்பப் பிடித்தால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கை நீளத்தைக் குறைப்பது எளிது, கைப்பட்டன்கள் வெறும் அலங்காரமாக இருந்தால். சில உயர்ந்த சூட்டுகளில் அந்த பட்டன்கள் நிஜமாகவே கழலும், காஜா வெட்டியிருக்கும். அதைக் குறைக்கப் போனால் கடைசி காஜா ஓரத்தில் வந்து தொங்கும். கோட்டின் நீளத்தைக் குறைத்தால் பாக்கெட் இடம் தப்பிப் போகும். தோள் அகலமாக இருந்தால் அந்த சூட்டை விட்டுவிடுங்கள், பத்து பவுண்டாக இருந்தாலும்.

பேண்ட் அடி, கை, இடுப்பு என்று மூன்று வேலை வந்தால் டெய்லர் கூலி ஏல விலையைத் தாண்டிவிடும். அதையும் தபால் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் ஏலம் கேட்க வேண்டும்.

பெயரில் மயங்குவது

கை முனையில் 'ஸேன்யா' என்று ஒரு சின்னப் பட்டி தைத்திருக்கும். பார்த்ததும் இத்தாலியின் அந்தப் பெரிய கம்பெனி தைத்த சூட் என்று நினைத்து ஏலத்தை ஏற்றுவார்கள். அந்தப் பட்டி பல சமயம் துணி எந்த மில்லில் நெய்தது என்று மட்டும்தான் சொல்கிறது. தைத்தவர் யாரோ. அவர் பெயர் கோட்டின் உள் பாக்கெட் பக்கம் இருக்கும், அந்தப் படத்தைக் கேளுங்கள். (அந்தப் பட்டி கடையிலேயே வெட்டி எடுக்க வேண்டியது. கல்யாண வீடுகளில் அதோடு உலவுகிற மாப்பிள்ளைத் தோழர்களைப் பார்த்திருக்கிறேன்.)

அர்மானி என்றாலும் ஒரே அர்மானி இல்லை. ஜார்ஜியோ அர்மானி உச்சத்தில், எம்போரியோ அதற்குக் கீழே, அர்மானி எக்ஸ்சேஞ்ச் இன்னும் கீழே. அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸில் '346' என்று கண்டால் அது நியூயார்க் மேடிசன் அவென்யூவில் அவர்கள் கடை இருந்த விலாச எண். பெரும்பாலும் அவுட்லெட் எனப்படும் மலிவு விலைக் கடைகளுக்கென்று தைத்தது. கெட்ட துணி என்று சொல்லவில்லை, பெரிய பிராண்டுக்குக் கொடுக்கும் விலை அதற்குத் தகாது.

'சூப்பர் 150' என்பதிலும் மயங்க வேண்டாம். எண் ஏற ஏறக் கம்பளி இழை மெல்லியது, அவ்வளவே. தினமும் ஆபீசுக்கு ட்யூப் ரயிலில் உரசிக்கொண்டு போகிறவனுக்கு சூப்பர் 100, 110 தான் தாங்கும். லேபிளைவிட முக்கியம், உள்ளே விறைப்புக்குக் கொடுக்கும் துணியைக் கேன்வாஸாக வைத்துத் தைத்ததா, பசையால் ஒட்டியதா என்பது. ஒட்டிய கோட்டைப் பலமுறை டிரை கிளீனிங் போட்டால் நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம் கேட்டால் தெரிந்துவிடும்.

அதோடு பேண்டின் உட்காரும் பகுதி, தொடை இடுக்கு இரண்டையும் படம் கேளுங்கள். சூட்டில் முதலில் தேய்வது பேண்ட். கோட் புதுசு போல இருக்கும், பேண்ட் கண்ணாடியாக மின்னும். பேண்ட் கிழிந்து தனியாக நின்றுபோன கோட்டை 'பிளேசர்' என்று பெயர் மாற்றி விற்பதும் உண்டு.

ஏல நேரத்தில்

ஈபேயில் நீங்கள் அதிகபட்சத் தொகையைப் போட்டால், அது உடனே உங்களிடமிருந்து போய்விடாது. அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் கேட்கும். நீங்கள் 60 போட்டு, அடுத்தவர் 41-இல் நின்றால் 42-க்குக் கிடைக்கும். இது தெரியாமல் ஒவ்வொரு பவுண்டாக ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவனுக்கும் வெறி வரும். டெய்லர் கூலியைக் கழித்து ஒரு தொகை முடிவு செய்து, கடைசிச் சில நொடிகளில் ஒரே தடவை போடுங்கள். அங்கே ஏலம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும், கடைசியில் யாரோ கேட்டார்கள் என்று நீளாது. போனால் போகட்டும், அடுத்த வாரம் இன்னொரு நேவி ப்ளூ சூட் வரும்.

எழுத்துப் பிழையோடும் தேடிப் பாருங்கள். ஸேன்யாவின் ஆங்கில எழுத்தில் ஜி-யும் என்-னும் இடம் மாறிக் கிடக்கும் விளம்பரங்களில் கூட்டம் இருக்காது.

திருப்பிக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம். பிரிட்டனில் வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறலாம். வீட்டு அலமாரியைக் காலி செய்யும் தனியாளிடம் அந்த உரிமை இல்லை. ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்ற அறக்கட்டளைகளும் ஈபேயில் வியாபாரியாகவே விற்கின்றன, புதியவர்கள் அங்கே தொடங்கலாம். தனியாளிடம் 'எனக்குப் பொருந்தவில்லை' என்றால் செல்லாது. 'சொன்னபடி இல்லை' என்றால் செல்லும். அதனால்தான் அளவுகளைத் தளத்தின் மெசேஜிலேயே கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். 21 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 19 வந்தால் பணம் திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் பேசி, வங்கிக் கணக்கில் நேராகப் பணம் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

வந்ததும் நேராக அலமாரியில் மாட்டிவிடாதீர்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் மடிப்பில் இருக்கலாம். ஒரே ஒரு சூட்டோடு வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சால்வை வரை ஓட்டை போட்டுவிடும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். துருவின தேங்காய்க்கும் நெத்திலிக்கும் இடமில்லை என்று வீட்டில் சத்தம் வரும். எங்கள் வீட்டில் இப்போது கீழ்த்தட்டு நெத்திலிக்கு, மேல்தட்டு சூட்டுக்கு என்று ஒப்பந்தம்.