சாம்சங்ல இருந்து சாம்சங்குக்கே மாறப் போறீங்களா? பழகின பிராண்டுன்னு அசால்ட்டா விட்டுடற விஷயங்கள்

வேற பிராண்டுக்கு மாறறவங்க நாலு ரிவ்யூ பாப்பாங்க, கடைல போய் கைல வச்சுப் பாப்பாங்க, ஆபீஸ்ல யார்கிட்டயாவது கேப்பாங்க. அதே பிராண்டுல தொடர்றவங்க தான் "நமக்குத் தெரிஞ்சது தானே"ன்னு பேர மட்டும் பாத்து ஆர்டர் போட்டுடறாங்க. இந்த ஆள்கள்ல நிறைய பேரு சாம்சங் வச்சிருக்கறவங்க தான், அதனால அதயே எடுத்துப் பேசுவோம்.

பெரிய தப்பு என்னன்னா போன முறை எப்படியோ இந்த முறையும் அப்படியேன்னு நினைக்கறது. கேலக்ஸி எஸ்23 இந்தியால ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2-ங்கற பிராசசரோட (போனோட மூளை மாதிரியான சிப், குவால்காம் கம்பெனியோடது) வந்துச்சு, 2024 ஜனவரில எஸ்24 வந்தப்போ அல்ட்ராவுக்கு மட்டும் தான் ஸ்னாப்டிராகன், சாதா எஸ்24க்கும் பிளஸுக்கும் சாம்சங்கோட சொந்த சிப்பான எக்ஸினாஸ் 2400, அப்புறம் எஸ்25ல திரும்பவும் ஸ்னாப்டிராகன். எஸ்21 எஃப்இ (எஸ் சீரிஸோட விலை கம்மி மாடல்) இன்னும் கூத்து, 2022ல எக்ஸினாஸ் போட்டு வித்தாங்க, 2023ல அதே பேருல ஸ்னாப்டிராகன் 888 போட்டு மறுபடி இறக்கினாங்க. எக்ஸினாஸ்னா குப்பைன்னு நான் சொல்ல வரல, ஆனா உள்ள என்ன இருக்குன்னே தெரியாம அத்தனை ஆயிரம் குடுக்காதீங்க. கம்மி விலைலயும் இதே கத தான்: ஏ15 5ஜி, எம்15 5ஜி, எஃப்15 5ஜி மூணுக்கும் பிராசசர் ஒண்ணு தான், ஆனா ஏ15ல 5000 எம்ஏஎச் பேட்டரி, மத்த ரெண்டுலயும் 6000. ஏ சீரிஸ்னா உசத்தின்னு நினைச்சு கடைல அதிகம் குடுத்து சின்ன பேட்டரி வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க.

அடுத்தது, சத்தமில்லாம தூக்கின விஷயங்கள். எஸ்20ல மெமரி கார்டு போடலாம், 2021ல எஸ்21 வந்ததோட எஸ் சீரிஸ்ல அது போச்சு. ஏ55 வரைக்கும் கார்டு ஸ்லாட் இருந்துச்சு, ஏ56ல இல்ல. ஏ52ல ஹெட்போன் ஜாக் உண்டு, ஏ53ல கிடையாது. பழைய போன்ல 128 ஜிபியும் அதுக்கு மேல ஒரு கார்டும் வச்சு ஓட்டினவங்க புதுசுலயும் 128 ஜிபியே வாங்கினா வந்த அன்னிக்கே இடம் பத்தாது, ஏன்னா சிஸ்டமே அதுல ஒரு பங்க முழுங்கிடும். 256க்குப் போங்க, வேற வழி இல்ல.

சார்ஜர் பாக்ஸ்ல வராதுன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா வீட்ல கிடக்கற வேற பிராண்ட் 65 வாட், 80 வாட் சார்ஜர் நிறைய இதுல மெதுவா தான் ஏத்தும், 25 வாட் வேகம் வேணும்னா பிபிஎஸ் (போன் கேக்கற அளவுக்கு வோல்டேஜ ஏத்தி இறக்கிக் குடுக்கற முறை) சப்போர்ட் இருக்கற யூஎஸ்பி பிடி சார்ஜர் தேவை, சார்ஜர் மேல பிடி, பிபிஎஸ்னு போட்டிருக்கான்னு பாருங்க.

ஆஃபர்ல பழைய மாடல் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, அப்டேட் கணக்கு நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்ல, மாடல் ரிலீஸ் ஆன நாள்ல இருந்து. எஸ்22 வந்தது 2022 பிப்ரவரி, 5 வருஷ செக்யூரிட்டி அப்டேட்னா 2027 தொடக்கத்தோட சரி, நீங்க 2024 தீபாவளி சேல்ல வாங்கியிருந்தா கைல மிச்சம் ரெண்டே கால் வருஷம் தான். எஸ்24ல இருந்து 7 வருஷம்.

இப்ப டேட்டா மாத்தற கூத்துக்கு வருவோம். பழைய போன்ல இருந்து புதுசுக்கு டேட்டா மாத்த சாம்சங்கே குடுக்கற ஸ்மார்ட் ஸ்விட்ச் நல்ல ஆப் தான், கேபிள் போட்டு மாத்தினா காண்டாக்ட், போட்டோ, மெசேஜ் எல்லாம் பத்திரமா வந்துடும், ஆனா அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்னு நம்பி பழசக் குடுத்துடாதீங்க. வாட்ஸ்அப்புக்கு தனியா பேக்கப் எடுங்க, இல்லனா வாட்ஸ்அப் உள்ளயே இருக்கற சாட் டிரான்ஸ்ஃபர்ல கியூஆர் ஸ்கேன் பண்ணி நேரா மாத்துங்க (பேக்கப் இப்ப கூகுளோட இலவச 15 ஜிபிக்குள்ள தான் போகும், ஜிமெயில் ரொம்பி வழிஞ்சா பேக்கப்பும் நிக்கும்). செக்யூர் ஃபோல்டர்ல (சாம்சங்ல தனி லாக் போட்டு மறைச்சு வைக்கற இடம்) வச்சது, ஆத்தென்டிகேட்டர் ஆப்ல வர்ற லாகின் கோட் ரெண்டையும் புதுசுல வந்துடுச்சான்னு திறந்தே பாருங்க. ஜிபே, போன்பே மாதிரி ஆப்ல திரும்ப ரிஜிஸ்டர் பண்ணனும், அதுக்கு பேங்க்ல குடுத்த நம்பரோட சிம் அந்த போன்லயே இருக்கணும், அதுல இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகணும். ரீசார்ஜ் பேக்ல எஸ்எம்எஸ் இல்லனா அங்கயே நின்னுடும். போன் மாத்தின முதல் 24 மணி நேரத்துக்கு பெரும்பாலும் 5000 ரூபாய் வரைக்கும் தான் அனுப்ப விடுவாங்க, வாடகை கட்டற தேதில போன் மாத்தாதீங்க.

எல்லாத்தையும் விட அதிகமா மாட்டறது பழச குடுத்து புதுசு விலைல கழிச்சுக்கற ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச்ல தான். புது போன் கொண்டு வர்ற தம்பி வாசல்லயே பழசக் கேப்பாரு, ரெண்டும் ஒண்ணா கைல இருக்கற நேரமே கிடைக்காது, கேபிள் போட்டு மாத்தறதெல்லாம் நடக்காது. ஸ்மார்ட் ஸ்விட்ச் பேக்கப்ப முந்தின நாளே லேப்டாப்ல எடுத்து வைங்க, இல்லனா எக்ஸ்சேஞ்ச் வேண்டாம்னு விட்டு ஒரு வாரம் கழிச்சு தனியா வித்துக்கோங்க, ஐநூறு ஆயிரம் குறைஞ்சாலும் எனக்கு அது தான் சரின்னு படுது. பழசு கைமாறும் முன்னாடி கூகுள் அக்கவுண்ட், சாம்சங் அக்கவுண்ட் ரெண்டையும் செட்டிங்ஸ்ல போய் எடுத்துட்டு அப்புறம் தான் ரீசெட் அடிக்கணும். அக்கவுண்ட எடுக்காம பட்டன அமுக்கி ரெகவரி வழியா ரீசெட் அடிச்சா திரும்ப ஆன் ஆகும்போது பழைய அக்கவுண்ட் பாஸ்வேர்ட கேட்டு லாக் ஆகி நிக்கும், அந்த நிலைமைல போன டெலிவரி தம்பி வாங்க மாட்டாரு, எக்ஸ்சேஞ்ச்னு கழிச்ச காச அங்கயே நீங்க கட்டணும், இல்லனா புது போன் வந்த வண்டியிலயே திரும்பிப் போயிடும்.