உடற்பயிற்சிக்குச் சாப்பாட்டு நேரம்: சார்ட்டில் கூட்ட வேண்டாம், நகர்த்துங்கள்

டயட் சார்ட் ஒன்றைப் பின்பற்றிக்கொண்டு தினமும் உடற்பயிற்சியும் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "முன்னாடி என்ன சாப்பிடணும், பின்னாடி என்ன சாப்பிடணும்" என்பதுதான். கேட்ட கையோடு ஒரு பழம், ஒரு ஷேக், நாலு பேரீச்சை என்று சார்ட்டுக்கு வெளியே சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் அளந்து எழுதிய சார்ட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. புதிதாக எதையும் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே எழுதியிருப்பதை நேரம் மாற்றி வைத்தாலே போதும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை பால் சொசைட்டியில். ஆறு மணிக்கெல்லாம் கேன்கள் வரிசை கட்டிவிடும். அதனால் என் பயிற்சி விடியற்காலை 4.45-லிருந்து 5.30 வரை. சில நாள் டம்பெல், மற்ற நாட்களில் வாய்க்கால் கரையில் ஓட்டம். டயட்டீஷியன் தந்த சார்ட்டில் மூன்று வேளைச் சாப்பாடும், 11 மணிக்கும் 4 மணிக்கும் சிறுதீனியும் உண்டு.

முதலில் ஒரு காகிதத்தில் பயிற்சி நேரத்தை நடுவில் எழுதுங்கள். அதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பாக முழுச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். இரண்டு இட்லி மாதிரி லேசான டிபன் என்றால் ஒன்றரை மணி நேரம் போதும். வெறும் பழம் என்றால் அரை மணி நேரம். கொழுப்பும் நார்ச்சத்தும் ஏற ஏற வயிறு காலியாக நேரம் பிடிக்கும் என்பதுதான் இந்தக் கணக்குக்குக் காரணம். புட்டும் கடலைக்கறியும் அருமையான சாப்பாடு, ஆனால் தேங்காயும் கடலையும் வயிற்றில் இருக்கும்போது ஓட முடியாது. அதே புட்டு, ஓடி முடித்த பிறகு சரியான இடத்தில் வந்து சேரும்.

விடியற்காலையில் பயிற்சி செய்கிறவர்களுக்கு உண்மையில் இரவுச் சாப்பாடுதான் பயிற்சிக்கு முந்தைய சாப்பாடு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. "ராத்திரி சோறு கூடாது" என்று வெட்டிவிட்டு, காலையில் கை கால் ஓயுது என்கிறார்கள். என் சார்ட்டில் மதியம் ஒன்றரைக் கப் மட்ட அரிசிச் சோறு, இரவு அரைக் கப் என்று இருந்தது. டயட்டீஷியனிடம் கேட்டு, இரண்டு வேளையும் ஒவ்வொரு கப் என்று மாற்றிக்கொண்டேன். மொத்தம் அதே இரண்டு கப்தான். இரவு 7.30-க்குச் சோறும் பயறும், கூட ஒரு மீன் துண்டும் சாப்பிட்டால் காலையில் தசைக்குத் தேவையான சக்தி சேமிப்பில் இருக்கும்.

அரை மணி நேர நடை, லேசான யோகா என்றால் எழுந்தவுடன் வெறும் வயிற்றோடு போகலாம். டம்பெல் நாளிலும் வேகமாக ஓடும் நாளிலும் நான் 4.15-க்குப் பாதி நேந்திரம்பழம் சாப்பிடுகிறேன். அது 11 மணிக்கு எழுதியிருந்த முழுப் பழத்தில் பாதி. மீதிப் பாதியைத் தோலோடு டப்பாவில் வைத்து சொசைட்டிக்கு எடுத்துப் போய் 11 மணிக்கே சாப்பிடுவேன். நேந்திரம் நல்ல கனமான பழம் என்பதால் பாதியே போதும். முந்தின இரவு ஆவியில் வேகவைத்தது என்றால் வயிற்றுக்கு இன்னும் இதம். கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, குடிக்கிறவர்கள் இந்த நேரத்திலேயே குடித்துவிடலாம். அதிலுள்ள காஃபீனின் வேகம் முழுதாக ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

அப்புறம் புரோட்டீன். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் உள்ளே போகாவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்மில் பயமுறுத்துவார்கள். அந்த அவசரம் தேவையில்லை. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், பயிற்சி செய்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரோட்டீன், அதையும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 முதல் 40 கிராமாகப் பிரித்துச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 84 கிராமிலிருந்து 120 கிராம். நாள் மொத்தம்தான் முக்கியம். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர்கள் மட்டும் ரொம்ப நேரம் தள்ளிப்போடக் கூடாது.

நம் வீடுகளில் இந்த மொத்தம் பெரும்பாலும் மதியத்திலும் இரவிலும்தான் சேர்கிறது, காலையில் ஒன்றுமே இருக்காது. எனக்கு 8.30 வரை கவுண்டரை விட்டு நகர முடியாது. எனவே காலை டிபனை இரண்டாக உடைத்தேன். 5.40-க்கு ஒரு பெரிய டம்ளர் பாலும் இரண்டு அவித்த முட்டையும். 250 மில்லி பாலில் சுமார் 8 கிராம், முட்டைக்கு ஆறு ஆறு கிராம், ஆக 20 ஆகிவிட்டது. 8.30-க்குப் புட்டும் ஒரு கப் கடலையும். வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 14 கிராம் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் பாலோடு பனீரோ வறுத்த நிலக்கடலையோ வைத்துக்கொள்ளலாம், அதுவும் சார்ட்டில் உள்ள அளவிலிருந்துதான்.

மாலையில் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. என் நாத்தனார் கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் திரும்பி, ஏழு மணிக்கு ஜிம்முக்குப் போகிறாள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது அதற்குள் கரைந்துவிடும். 4 மணிச் சிறுதீனியை 5.30-க்குத் தள்ளி, பஸ் ஏறும் முன்பே இரண்டு இட்லி சாப்பிடச் சொன்னேன். "அண்ணி, அப்ப ராத்திரி எட்டரைக்குச் சோறு சாப்பிட்டா கொழுப்பாயிடாதா?" என்று கேட்டாள். அளவு அதேதான் என்றால் ஆகாது. அந்தச் சோறும் அயிலைக் குழம்பும்தான் அவள் தசைக்குப் போகிற சாப்பாடு. காபி மட்டும் வேண்டாம், குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும், தூக்கம் கெடும்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். வியர்க்கவில்லை, தாகமில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஒருநாள் எடை பார்த்தால் தெரியும். ஒரு கிலோ குறைந்தால், அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட சம்பாரம், அதாவது நீர்மோர், இதற்கு நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டீயை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூட நகர்த்தக் கூடாது. பயிற்சியும் சர்க்கரையை இறக்கும், மருந்தும் இறக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மயக்கம் வரும், சில சமயம் ஆபத்தாகவும் முடியும்.

மற்றவர்கள் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் பாருங்கள். ஓடும்போது விலாவில் பிடித்தால், வயிறு கனத்தால், முன்னால் சாப்பிடுவதை இன்னும் அரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். பாதியில் தலை கிறுகிறுத்தால் உடனே நிறுத்தி உட்காருங்கள். மறுநாள் அந்தப் பாதிப் பழத்தை முழுப் பழமாக்கி, 11 மணிப் பங்கை விட்டுவிடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் சார்ட்டையே டயட்டீஷியனிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அளவு உங்கள் பயிற்சிக்குப் போதாமல் இருக்கலாம்.